தண்ணீருக்குள் இறங்கும் தார்ச்சாலை

கம்பின் நுனி அசையவில்லை. அசைந்த மாதிரி இருந்தது, ஆனால் அது காற்று, அணைத் தண்ணீர் முழுக்கப் படுத்துப் புரண்டு எழுந்து வருகிற காலைக் காற்று, வடிவாம்பாள் தூண்டில் கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் ஒரு சுதந்திர தினத்தன்று கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களே, அன்றைக்குப் பிடித்த மாதிரி, பயம் பாதி பெருமை பாதி. நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தூண்டில் பிடிக்கிறாள். பக்கத்தில், குரலை உயர்த்தாமல் பேசினால் கேட்கிற தூரத்தில், கண்ணாடிக் கடைக்காரர் செங்குட்டுவன் தன் கம்பை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது ஒரு தார்ச்சாலையின் மேல். அதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அணை கட்டுவதற்கு முன்னால் பஸ் போன சாலை. இப்போது இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டி, நடுவில் தார் வெடித்துப் புல் முளைத்து, சரிந்து வந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கிலோமீட்டர் கல் ஒன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. அதன் தலையில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சாலை அங்கேயே முடிந்துவிட்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் முடியவில்லை, உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்ச தூரம் நேராக, அப்புறம் இடது பக்கம் வளைந்து, வெட்டிப்போட்ட புளியமரங்களின் அடிக்கட்டைகள் இரண்டு வரிசையாக நிற்க அவற்றின் நடுவே புகுந்து, ஒரு சின்னக் கல்பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் மேடேறுகிறது. இந்த ஊருக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறாள், ஆனாலும் அது அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அடியில்தான் மீன் இருக்கும். இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களின் மேல் கோடு போட்டுக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை; வயலுக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு நிறம், கிணற்றுக்கு ஒரு வட்டம், ஏரி குளத்துக்குக் கரையை ஒட்டி ஒரு நீலக்கோடு. கல்லூரி முடித்த கையோடு அந்த ஆபீஸில் சேர்ந்தவள். எத்தனை குளத்துக்குக் கரை வரைந்திருப்பாள், ஒன்றில் கூடக் காலை நனைத்ததில்லை. படத்தில் தண்ணீர் பார்க்க ரொம்ப அமைதியாக இருக்கும், வாடை இருக்காது. இங்கே எப்படி வாடை அடிக்கிறது, பாசி வாடை, ஈரமண் வாடை, செங்குட்டுவன் உருட்டிக்கொடுத்த கடலைப்பிண்ணாக்கு உருண்டையின் வாடை, அது விரலில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது, போகவும் வேண்டாம். இந்த அணையின் படத்தை அவர் கேட்டபோது இப்போதைய படத்தைத்தான் முதலில் திறந்தாள். வெறும் பச்சை. ஓர் ஓரம் வெளிர்பச்சை, நடுவில் கரும்பச்சை, அதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாத ஊமைத் தண்ணீர். அப்போதுதான் பழைய வருடங்களுக்குப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொரு வருடமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள், தண்ணீர் சுருங்கிக்கொண்டே வந்தது, மழை பொய்த்துப்போன அந்த ஒரு வருடத்தில் அணை சுத்தமாக வற்றிக் கிடந்தது. எல்லாம் தெரிந்தது. வெடித்த வண்டல், வட்டக்கிணறு, ஒரு கோயிலின் அடித்தளமா களத்துமேடா என்று தெரியாத ஒரு சதுரம், வெள்ளை நூல் மாதிரி இந்தச் சாலை, சாலைக்குக் குறுக்கே பழைய ஓடையின் தடம். அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு. அழுக்கா என்று பெரிதாக்கினாள். நிழல். பாலத்தின் நிழல். தரைக்கு மேலே உயர்ந்து நிற்கிற எதற்கும் மேலேயிருந்து பார்த்தால் நிழல்தான் அடையாளம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவளைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெண் என்னக்கா ஆச்சு என்று கேட்டாள், ஒண்ணுமில்ல, ஒரு பாலம் என்றாள் இவள். மீனுக்கு ஒதுங்க ஒரு மறைவு வேணும், இரை வந்து சேர்ற ஒரு வழி வேணும், இந்த ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா அதுதான் மீனோட வீடு என்று அவர் ஒரு நாள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. பாலத்தடி மறைவு, ஓடைத்தடம் வழி.

அவர் அதைச் சொன்னது கண்ணாடிக் கடையில். பழனி ரோட்டில் மாடியில் சின்னக் கடை, கண் பரிசோதனையும் அவரே. கோடு போட்டுப் போட்டுக் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்து, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபோது அங்கே போனாள். இருட்டறையில் கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவளுக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. தப்பாகச் சொல்லித் தப்பான கண்ணாடி வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவே இல்லை. அவர் வில்லையை எடுத்துவிட்டு, "இதுல தப்பான பதில்னு ஒண்ணு இல்லைங்க. உங்க கண்ணு, உங்களுக்குத் தெரியறதச் சொல்லுங்க, போதும்" என்றார். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை, எதைப் பற்றியும் சொன்னதில்லை. அப்புறம் இவ்வளவு கண்வலி வர நாள் முழுக்க எதைத்தான் பார்ப்பீர்கள் என்று விசாரித்தார், ஏரி குளமெல்லாம் என்றாள், அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்துப் பயந்தே போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலோடு கிளம்புகிறவராம். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது, மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர்தான். கண்ணாடி வாங்கப் போனாள், கண்ணாடிக்குத் திருகாணி தளர்ந்தது என்று போனாள், தளரவே தளராத திருகாணி, அது இரண்டு பேருக்கும் தெரியும், ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு படத்தைக் காட்டுவாள், இந்தக் குளத்தில் வரத்து வாய்க்கால் எங்கே நுழைகிறது பாருங்கள், இந்த ஆற்றில் வளைவின் வெளிப்பக்கம் கறுத்திருக்கிறதே அங்கே ஆழம் என்று. அவர் போவார், திங்கட்கிழமை வந்து சொல்வார், கெளுத்தி கெடச்சுது, ஒண்ணுமே கெடைக்கல ஆனா எடம் அருமை. போன வாரம் கடையை மூடுகிற நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கியவர் அப்படியே நின்றுகொண்டு, நாம கல்யாணம் பண்ணிக்கிறதைப் பத்தி நீங்க யோசிச்சுப் பார்க்கணும், அவசரமில்லை என்றார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் தப்பான பக்கம் மாட்டினார். யோசிக்கிறேன் என்றாள். கூடவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டுமா என்று கேட்டுவைத்தாள்.

யோசிப்பதாகச் சொன்னவள் வாரம் பூராவும் யோசித்தது பாலத்தைப் பற்றித்தான். பத்திரிகையில் அணை மட்டம் பார்த்தாள். மட்டம் தெரிந்தால் கரை எங்கே நிற்கும் என்று தெரியும், கரை தெரிந்தால் அங்கேயிருந்து பாலம் எத்தனை தூரம் என்று அளக்கலாம், அளந்தாள், ஒருவர் தூண்டிலை வீசினால் போய் விழுகிற தூரம்தான், தூங்கப் போகும் முன்னால் இன்னொரு தடவை அளந்தாள். ஆனால் படம் பழையது. அதற்கப்புறம் எத்தனை வெள்ளம் வந்ததோ, வண்டல் மூடியிருந்தால், கல்லைப் பெயர்த்து எவனாவது வண்டியில் ஏற்றிப் போயிருந்தால். மீன் கிடைக்காவிட்டால் அவர் கோபப்படமாட்டார், அதுதான் பிரச்சினை, பரவாயில்லைங்க என்பார். பரவாயில்லை என்ற சொல்லை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் படியிறங்கும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போன சொல் அது. அப்புறம் அப்பா படுத்தார், அப்புறம் அம்மா, அப்புறம் அண்ணன் நல்லசாமி வீட்டு மாடியறை என்று வாழ்க்கை அதுபாட்டுக்குப் போனது, கெட்டது என்று சொல்ல முடியாது, சாப்பாட்டுக்கும் பிரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் அண்ணன் எதையும் அவள் கையில் விடமாட்டார். பேங்கில் படிவத்தை எழுத ஆரம்பித்தால் நீ இரு நான் எழுதறேன் என்று பேனாவை வாங்குவார், ஆட்டோக்காரரிடம் பேசினால் நீ இரு, போன் வந்தால் நீ இரு குடு. பிரியம்தான். பிரியத்தில்தான் வாங்கிக்கொள்கிறார். காலையில் கிளம்பும்போது, ஆபீஸ் வேலையா அணைப் பக்கம் போறேன் என்று அவள் சொன்னதற்கு அண்ணி எதுவும் கேட்கவில்லை, எலுமிச்சம்பழச் சோற்றைக் கட்டிக் கையில் கொடுத்தாள். இங்கே வந்து பிரித்தால் இரண்டு பொட்டலம். இரண்டிலும் தனித்தனியாக ஓர் அவித்த முட்டை. அண்ணியை நினைத்து அவள் தனக்குள் சிரித்த சிரிப்பில் கம்பின் நுனி நிஜமாகவே ஆடியது, செங்குட்டுவன் திரும்பிப் பார்த்தார், இல்லை இல்லை நான்தான் என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீர்க்காகம் ஒரு தடவை முழுகி எழுந்து மறுபடி கல்லில் உட்கார்ந்தது, அதற்குக் கிடைத்துவிட்டது. இழுத்துப் பார்த்து மறுபடி போடலாம் என்று அவர் சொன்னார். அவள் ரீலைச் சுற்றினாள், நாலு சுற்று வந்தது, அப்புறம் வரவில்லை. தூண்டில் நரம்பு விண்ணென்று நின்றது. கம்பு வளைந்தது. ஒரு கணம் மீன் என்று நினைத்தாள், ஆனால் மீன் என்றால் அசையவேண்டாமா, இது உலகத்தின் அடியில் போய் மாட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றது. போச்சு. முதல் தூண்டிலே மாட்டிக்கொண்டது, இனி முள்ளும் போய் ஈயமும் போய், அவர் பரவாயில்லைங்க என்று சொல்லப் போகிறார், சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று, மாட்டிக்கிச்சு சார், என் தப்புதான் என்றாள். அவர் எழுந்து வந்து நரம்பை இரண்டு விரலால் தொட்டார். மெதுவாக விட்டு, இழுத்து, காதில் வைத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, இன்னொரு தடவை தொட்டார். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, சின்னப் பையன் மாதிரி. "வடிவு, இது கல்லு. வண்டல்ல முள்ளு இப்படி மாட்டாது. கல்லுக் கட்டடம். உங்க பாலம் இருக்கு" என்றார். மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் வடிவு என்றதை அவரும் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள், ஆனால் அதைக் கூட அப்புறம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டாள், ஏனென்றால் பாலம் இருக்கிறது. யாரோ ஒரு கொத்தனார் கட்டி, மாட்டுவண்டியும் பஸ்ஸும் ஏறிப்போய், முழுகி, வற்றி, ஒரு நாள் வெயிலில் நிழல் விழுந்து, அந்த நிழலை வானத்திலிருந்து ஒரு கண் பார்த்து, அதை அவள் பார்த்து, இப்போது அவள் கையிலிருந்து ஒரு நரம்பு போய் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கோடு போட்டிருக்கிறாள், ஒரு கோட்டின் மறுமுனை அவள் கையில் இப்படித் தட்டுப்பட்டதில்லை. நரம்பை அறுக்கத்தான் வேண்டியிருந்தது. அறுத்துவிட்டு, வேறு முள் கட்டி, பிண்ணாக்கு உருண்டையைப் பிடித்து, இந்தத் தடவை பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓடை வருகிற பக்கம், அவளையே வீசச் சொன்னார். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அங்கேயே இருக்கட்டும் என்றார்.

அப்புறம் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நுனி ஒரு தடவை தலையாட்டியது, மரியாதையாக, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. அடுத்த தடவை கேட்கவில்லை. கம்பு அவள் கையிலேயே வில்லாக வளைந்து, ரீல் கிர்ரென்று அலறி, நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடு அணைக்கு ஓடியது. அவளுக்கு வாயில் வந்தது அம்மா என்ற சொல்தான். எழுந்து நின்றாள், செருப்பு எங்கேயோ கழன்றது, தார் காலைச் சுட்டது. செங்குட்டுவன் பாய்ந்து வந்தார், இரண்டு கையும் கம்பை நோக்கி நீண்டன. இதோ, என்று அவள் மனம் சொன்னது, இதோ வாங்கிக்கொள்ளப் போகிறார், நீங்க இருங்க நான் இழுக்கிறேன், சரிதான், வாங்கிக்கொண்டால்தான் மீன் மிஞ்சும், நமக்கு என்ன தெரியும், கொடுத்துவிடலாம், விரல்கள் தளரக்கூடத் தொடங்கிவிட்டன. ஆனால் அவர் கை வரவில்லை. பாதி வழியில் நின்றது. அவர் அந்த இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் பார்த்தார், பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "ஓட விடுங்க. இழுக்காதீங்க, ஓட விடுங்க... இப்ப அது நின்னுடுச்சு பாருங்க, இப்ப சுத்துங்க" என்றார். அவள் சுற்றினாள். அது மறுபடி ஓடியது, விட்டாள், நின்றது, சுற்றினாள், பாலத்துப் பக்கம் திரும்பியது, ஐயோ கல்லில் உரசினால் நரம்பு அறுந்துவிடும், கம்பை இந்தப் பக்கம் சாய்த்தாள், யாரும் சொல்லித்தரவில்லை, பாலம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாதா. தோள் வலித்தது. வியர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கின் நுனிக்கு வந்தது, தள்ளிவிடக் கை இல்லை, தண்ணீர் பாதி தெளிவாகவும் பாதி கலங்கலாகவும் தெரிந்தது, அந்தக் கலங்கலான பாதியில் ஏதோ வெள்ளியாகப் புரண்டது. பெரியது. அவர் வலையை எடுத்துக்கொண்டு பேண்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார், சாலையிலேயே நடந்து இறங்கினார், முழங்கால், தொடை, இடுப்பு. கிலோமீட்டர் கல்லின் பக்கத்தில் போய் அதன் தோழனைப் போல நின்றுகொண்டு வலையைத் தாழ்த்திப் பிடித்தார். நீர்க்காகம் கோபித்துக்கொண்டு பறந்தது.

கட்லா. பெரிய தலை, அகலமான செதில், வாயைத் திறந்து திறந்து மூடுகிற, இவ்வளவு நேரமும் தன்னோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் கனம். தார் மேல் ஈரத்தோடு அதைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் சட்டை வரை நனைந்து சொட்டச்சொட்ட நின்றார். அவள் மூச்சு வாங்கினாள், குனிந்து ஒரு விரலால் செதிலைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது, வழுக்கியது, படத்தில் இல்லாத ஒன்று. உள்ளே எதுவோ திறந்துகொண்ட மாதிரி சிரிப்பு வந்தது, சத்தமாகவே வந்தது, நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. அவர் மீனைக் கோணியில் சுற்றி ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தார், திரும்பி வந்தார், கம்பைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். வாரம் பூராவும் யோசித்தீர்களா என்று அவர் கேட்கமாட்டார். கேட்காமலே வண்டியில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமையும் ஒன்றும் கேட்காமல் திருகாணியை இறுக்கிக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர். தான்தான் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது, சம்மதம் என்றா, சரி என்றா, எல்லாச் சொல்லும் யாரோ ஏற்கெனவே வாயில் போட்டுத் துப்பியது போல இருந்தது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும், தனக்குத் தெரிந்தது இடங்கள்.

"இன்னொரு இடம் பார்த்து வெச்சிருக்கேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். எங்கே என்று கேட்டார், குரலில் அதற்குள் ஆசை வந்துவிட்டது.

"ரொம்ப தூரம். ஆறு கடல்ல சேர்ற இடம். நடுவுல ஒரு மணல்திட்டு இருக்கு, அதுக்குப் பின்னால தண்ணி கறுப்பா நிக்குது. வெடிகாலையில தூண்டில் போடணும்னா முந்தின நாளே போய்த் தங்கித்தான் ஆகணும்."

அவர் யோசித்தார். ஆசை மெல்ல அடங்கி, அவளுக்காகக் கவலைப்படுகிற முகம் வந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ராத்திரி தங்கறதுன்னா... உங்க வீட்ல என்ன சொல்லிட்டு வருவீங்க?"

"வீட்டுக்காரரோட மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன்" என்றாள் வடிவாம்பாள்.

சொன்னபிறகு அவளுக்குப் பயம் வரவில்லை. அவர் முதலில் தலையாட்டினார், நல்ல யோசனை என்கிற மாதிரி. பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். கையிலிருந்த துணியைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், கடைசியில் அவர் வாயில் வந்தது எப்போதும் கேட்கிறதுதான்.

"எங்க, படத்தைக் காட்டுங்க."

அவள் போனை எடுத்தாள். விரலெல்லாம் செதிலும் ஈரமும், தொட்டால் திரை கேட்கவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், சட்டை ஈரம் அவள் தோளில் பட்டது. வெயிலில் திரையைப் பார்க்கக் கண் கூசியது. இரண்டு உள்ளங்கையையும் குவித்து அவர் அதற்கு நிழல் பிடித்தார், அந்த நிழலுக்குள் பழுப்பாக ஓர் ஆறும் நீலமாக ஒரு கடலும் மெல்லத் தெரிந்தன.

"இதுவா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் கிழக்கால" என்று அவள் இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தாள்.